எந்தக் கருவிக்கு எந்த யு.பி.எஸ்.?

பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்னால் தோட்டத்தில் கரண்ட் என்றால் மோட்டார் ரூமும், அதில் தொங்குகிற ஒரு குண்டு பல்பும்தான். இப்போது அப்படி இல்லை. மதிப்புக் கூட்டி விற்போம் என்று இறங்கிய இயற்கை உழவர் வீட்டைப் பாருங்கள். நாட்டுக்கோழி முட்டைக்கு இன்குபேட்டர், பன்னீருக்கும் பழக்கூழுக்கும் டீப் ஃப்ரீசர், பாக்கெட் ஒட்ட சீலிங் மெஷின், எலெக்ட்ரானிக் தராசு, பில் போட கம்ப்யூட்டர், களத்துக்கு கேமரா, சொட்டுநீருக்குத் தானியங்கி கன்ட்ரோலர் என்று ஒன்றொன்றாகச் சேர்ந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல கறவை மாட்டு விலையைத் தாண்டும். மாட்டுக்குத் தடுப்பூசி போடுகிறோம். இதற்கு?

கூட்டங்களில் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், நல்ல யு.பி.எஸ். எதுங்க?" நல்ல விதை எது என்று கேட்கிற மாதிரிதான் இது. எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு என்று தெரியாமல் விதையைச் சொல்ல முடியாது. யு.பி.எஸ். என்ற ஒரே பேரில் கடையில் நாலு விதமான பெட்டி விற்கிறது. உள்ளே வேலை செய்கிற விதம் நாலும் வேறு வேறு. எது வேண்டும் என்று தெரிய, முதலில் உங்கள் கருவியை எது கெடுக்கிறது என்று தெரிய வேண்டும்.

கரண்ட் நம் கருவிகளைக் கெடுப்பது மூன்று வழியில். மணிக்கணக்கில் வராமல் போவது ஒன்று. கண் சிமிட்டும் நேரம் போய்விட்டு வருவது இன்னொன்று. மூன்றாவது, கரண்ட் இருக்கும், ஆனால் சரியான கரண்டாக இருக்காது. இந்த மூன்றாவதைத்தான் நம்ம ஆட்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. லைட் எரியுதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம். என் அனுபவத்தில் கிராமத்துப் பக்கம் கருவி போவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் ஊருக்கு வர வேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து கம்பி நீள நீள அது குறையும். மும்முனை விடுகிற நேரத்தில் அக்கம்பக்கத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தால், கடைசித் தோட்டத்தில் 170, 160 என்று இறங்கிவிடும். ராத்திரி மோட்டார் எல்லாம் நின்றதும் அதே கம்பியில் 250-ஐத் தாண்டும். ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வாங்கி ஸ்விட்ச் போர்டில் மாட்டி, ஒரு வாரம் காலை, மதியம், ராத்திரி என்று நோட்டில் குறித்து வையுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அந்த ஒரு வாரத்துக் கணக்கு இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

வாய்க்காலும் தொட்டியும்

பெட்டிகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்குத் தெரிந்த தண்ணீரை வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் வகை ஆஃப்லைன். ஸ்டாண்ட்பை என்றும் சொல்வார்கள். வாய்க்கால் தண்ணீர் நேராக வயலுக்குப் போகிறது. பக்கத்தில் தொட்டி நிரம்பி இருக்கிறது, ஒரு ஆள் காவல் இருக்கிறான். வாய்க்கால் நின்றால் ஓடிப்போய்த் தொட்டியைத் திறந்துவிடுவான். தொட்டி என்பது பேட்டரி. அவன் ஓடுகிற நேரம் பொதுவாக 4-ல் இருந்து 10 மில்லி செகண்ட். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து பங்கு. நம் கரண்ட் ஒரு சுற்று சுற்றி வரவே 20 மில்லி செகண்ட் ஆகும், அதில் பாதி. கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிற பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தானாகவே தாங்கும்படி செய்யப்பட்டது. அதனால் இந்த இடைவெளி அதற்குத் தெரியாது. ஆனால் ஒன்று. வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வந்தால் அந்தக் கலங்கல் அப்படியே வயலுக்குப் போகும். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் ஆஃப்லைன் அதைச் சரி செய்யாது. அளவு மீறினால் பேட்டரிக்கு மாறும், அவ்வளவுதான்.

இரண்டாவது லைன் இன்டராக்டிவ். தண்ணீர் இதிலும் வாய்க்காலில் இருந்து நேராகத்தான் போகிறது. ஆனால் மடையில் ஆள் நிற்கிறான். தண்ணீர் குறைந்தால் கொஞ்சம் ஏற்றி விடுவான், அதிகமானால் அடைப்பான். ஏ.வி.ஆர். என்று அட்டையில் போட்டிருப்பது இந்த மடையாளைத்தான். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதன் சுற்றுகளை மாற்றி மாற்றி இணைத்து வோல்டேஜைத் தூக்கும், இறக்கும். 140-ல் இருந்து 300 வோல்ட் வரை பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும் என்று நம் ஊர்ப் பெட்டிகளில் பரவலாகப் போட்டிருப்பார்கள். அதனால் பேட்டரி தேவையில்லாமல் கரையாது. கம்ப்யூட்டர் கடையில் 600 வி.ஏ. என்று கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த வகைதான். அப்படித்தானா என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது ஆன்லைன். டபுள் கன்வர்ஷன் என்று கூடவே போட்டிருக்கும். இதில் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நேர்த் தொடர்பே கிடையாது. வருகிற தண்ணீர் எல்லாம் முதலில் தொட்டியில் விழுகிறது. வயலுக்குப் போவது தொட்டியில் இருந்துதான். வாய்க்காலில் கூடட்டும், குறையட்டும், நிற்கட்டும், தொட்டி வாய் ஒரே சீராக விட்டுக்கொண்டிருக்கும். மாறுகிற இடைவெளி என்ற பேச்சே இல்லை, அது பூஜ்யம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, திரும்பவும் புதிதாக மாறுமின்சாரமாக்கித் தருகிறது. இந்த இரண்டு வேலையையும் 24 மணி நேரமும் செய்வதால் சூடாகும், உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், போகிற கரண்டில் ஒரு பங்கு வீணாகும். விலையும் பல மடங்கு.

பெரிய கம்பெனிப் பெட்டிகளில் வி.எஃப்.டி., வி.ஐ., வி.எஃப்.ஐ. என்று எழுத்துகள் இருந்தால் குழம்ப வேண்டாம். சர்வதேசத் தர அமைப்பு இந்த மூன்று வகைக்கும் வைத்த பெயர்கள்தான், நான் சொன்ன அதே வரிசையில்.

வங்கிகளுக்கு 1980-களின் கடைசியில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தபோது அவற்றோடு சி.வி.டி. என்று ஒரு பெட்டியும் வந்து பார்த்திருக்கிறேன். ரெண்டு ஆள் தூக்க வேண்டும், எந்நேரமும் ரீங்காரம் போடும், ஆனால் வோல்டேஜை அசையாமல் வைத்திருக்கும். பிறகு கிளை முழுவதும் கம்ப்யூட்டர் ஆனபோது பேட்டரிகள் வரிசை கட்டிய தனி யு.பி.எஸ். அறையே வந்தது. அது எல்லாம் ஆன்லைன் வகை. ஒரு நொடி நின்றாலும் ஊர்ப் பணத்தின் கணக்கு குழம்பும் இடத்துக்கு அது நியாயம். அங்கே அது இருந்தது என்பதற்காக முட்டைக்கும் அதுவே வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

நாலாவது, நம் வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்ததே, அதுதான். 'ஹோம் யு.பி.எஸ்.' என்று எழுதியிருக்கும். குணத்தில் இது ஆஃப்லைனின் அண்ணன். வித்தியாசம் பேட்டரியில் இருக்கிறது. யு.பி.எஸ்.ஸுக்கு உள்ளே இருப்பது கைக்கு அடக்கமான 7 ஆம்பியர் பேட்டரி. இன்வெர்ட்டருக்கு வெளியே நிற்பது 150 ஆம்பியர் டியூபுலர். ஒன்று சொம்பு, இன்னொன்று அண்டா. இன்வெர்ட்டரின் பின்னாலோ பக்கத்திலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று. பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. யு.பி.எஸ். மோடில் போட்டால் சட்டென்று மாறும், ஆனால் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மலில் மாறும் நேரம் கூடும், அதற்குப் பதில் 100, 110 வோல்ட் வரைக்கும் லைன் கரண்டையே விட்டுக்கொண்டிருக்கும். வோல்டேஜ் எப்போதும் 170-ல் நிற்கிற தோட்டத்தில் யு.பி.எஸ். மோடில் போட்டு வைத்தால் பகலெல்லாம் பேட்டரி கரைந்து, நிஜமாகவே கரண்ட் போகும்போது கையை விரித்துவிடும்.

ஒரு இன்குபேட்டரின் கதை

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் 300 முட்டை பிடிக்கிற இன்குபேட்டர் வாங்கினார். விற்றவர் சொன்னதைக் கேட்டு அதற்கு 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். வாங்கினார். "இருக்கறதுலயே ஒசத்தி இதுதான்னு சொன்னாருங்ண்ணா, உயிரு சமாச்சாரமாச்சேன்னு காசு பார்க்காம போட்டுட்டேன்" என்றார். 18-ஆம் நாள் ராத்திரி டிரான்ஸ்ஃபார்மரில் பழுது. ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். முக்கால் மணி நேரத்தில் கத்திக் கத்தி அணைந்துவிட்டது. சூடு போய்விடக்கூடாது என்று அவர் பெட்டியின் மேல் கோணிச்சாக்கையும் கம்பளியையும் இறுக்கிப் போர்த்தினார். 280 முட்டையில் பொரிந்து வந்தது 90 குஞ்சு.

யு.பி.எஸ்.ஸில் கோளாறு இல்லை. கணக்கைப் பாருங்கள். அதற்குள் இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி மூன்று. 36 வோல்ட்டை 7-ஆல் பெருக்கினால் 252 வாட்-மணி. வேகமாக உறிஞ்சும்போது பேட்டரி முழு அளவைத் தராது. மாற்றுகிறதில் வேறு நஷ்டம். கைக்கு வருவது 150 வாட்-மணி என்று வையுங்கள். ஹீட்டரும் ஃபேனும் சேர்ந்து சராசரியாக 200 வாட் இழுத்தால் முக்கால் மணி நேரம்தான் வரும். அதுதான் வந்தது.

இன்குபேட்டரின் ஹீட்டருக்கு 10 மில்லி செகண்ட் இடைவெளி ஒரு பொருட்டா? அடைக்கோழியே தீனிக்கும் தண்ணிக்கும் எழுந்து போய்விட்டு வருகிறது. 37.5 டிகிரியில் நிற்கிற பெட்டி அரை நொடியில் ஆறிவிடாது. அதற்கு வேண்டியது இடைவெளி இல்லாமை இல்லை, நீண்ட நேரம். அதாவது அண்டா வேண்டிய இடத்தில் வெள்ளிச் சொம்பு வாங்கி வைத்தார். அந்த யு.பி.எஸ். விலையில் நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் வந்திருக்கும்.

போர்த்தினது பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் முட்டைக்குத் தன் சூடு கிடையாது, பெட்டியை மூடியே வைத்திருப்பது சரி. கடைசி நாட்களில் உள்ளே இருக்கிற குஞ்சு தானே சூடு விடும், காற்றும் நிறையக் கேட்கும். ஃபேன் நின்ற பெட்டியில் காற்றுத் துளைகளையும் அடைத்தால் மூச்சு முட்டும். குளிர் நாளில் போர்த்துவதானாலும் துளைகளை விட்டுப் போர்த்த வேண்டும். குளிரைவிட 40 டிகிரியைத் தொடுகிற சூடுதான் கருவைச் சீக்கிரம் கொல்லும்.

சரி, உங்கள் இன்குபேட்டருக்கு எவ்வளவு பேட்டரி? 150 வாட் ஹீட்டர் என்றால் அது எந்நேரமும் எரியாது, விட்டு விட்டுத்தான் எரியும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிகிறது என்றால் சராசரி 90 வாட். 6 மணி நேரத்துக்கு 540 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் பேட்டரி தர வேண்டியது 675. பேட்டரியை முழுதாக வறட்டினால் அதன் ஆயுள் குறையும். அறுபது சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. அப்படியானால் 1,125 வாட்-மணி. 12-ஆல் வகுத்தால் 94 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர் பேட்டரி போதும் போல் தெரியும். மூன்றாம் வருடம் பேட்டரி கிழடு தட்டும்போதும் ஆறு மணி நேரம் வர வேண்டுமென்றால் 150 வாங்குங்கள். உங்கள் ஹீட்டர் எத்தனை நிமிடம் எரிகிறது என்பதை ஒரு மணி நேரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். மார்கழியில் பார்த்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் அதிகம் எரியும்.

சைன் வேவ் என்றேன். விலை மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது படிப்படியாக வெட்டின கரண்ட், ஸ்கொயர் வேவ். குண்டு பல்பும் ஹீட்டரும் அதைப் பொருட்படுத்தாது. மோட்டார் உள்ள எதுவும் அதில் உறுமும், சூடாகும். இன்குபேட்டரில் ஃபேன் இருக்கிறது, முட்டை திருப்புகிற மோட்டார் இருக்கிறது. அதனால் சைன் வேவ்தான்.

மற்றவற்றுக்கு

டீப் ஃப்ரீசருக்கு யு.பி.எஸ். போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். அதன் எமன் குறைந்த வோல்டேஜ். 160 வோல்ட்டில் கம்ப்ரெசர் கிளம்ப முடியாமல் முக்கும், அப்போது கரண்டைப் பல மடங்கு இழுத்து சுருள் வெந்துபோகும். நின்ற கம்ப்ரெசரை உடனே திரும்ப ஓட்டுவதும் கெடுதல். அதற்கு வேண்டியது டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர். கரண்ட் வந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் விடும். உங்கள் நோட்டில் எழுதிய மிகக் குறைந்த வோல்டேஜைச் சொல்லி அதைத் தாங்குகிற மாடலாகக் கேளுங்கள். ஃப்ரீசரை இன்வெர்ட்டரில் ஓட்டியே தீர வேண்டுமென்றால் ஓடுகிற வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு ஒரு கணம் இழுக்கும். 150 வாட் ஃப்ரீசர் சின்ன இன்வெர்ட்டரை உட்கார வைத்துவிடுவது இதனால்தான்.

கம்ப்யூட்டர், பில் பிரின்டருக்கு 600 வி.ஏ. லைன் இன்டராக்டிவ் தாராளம். வி.ஏ. என்பது வாட் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 600 வி.ஏ. என்று அட்டையில் பெரிதாகவும், 360 வாட் என்று பின்னால் பொடி எழுத்திலும் இருக்கும். நீங்கள் நம்ப வேண்டியது பொடி எழுத்தை. லேசர் பிரின்டரை இதில் செருகாதீர்கள். மையை உருக்குகிற சூட்டுக்கு அது இழுக்கிற கரண்டில் யு.பி.எஸ். திணறும்.

எலெக்ட்ரானிக் தராசுக்குள் பேட்டரி உண்டு, தனியாக எதுவும் வேண்டாம். வைஃபை ரூட்டருக்கு பெரிய இன்வெர்ட்டரை ஓட்டுவது தண்டம். 12 வோல்ட்டை நேராகத் தருகிற கையளவு ரூட்டர் யு.பி.எஸ். கிடைக்கிறது. பேட்டரி கரண்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் திரும்ப 12 ஆக்குகிற சுற்றுவழி மிச்சம். ஒன்றிரண்டு கேமராவும், அதுவும் 12 வோல்ட்டாக இருந்தால், அதே மாதிரி ஓட்டலாம். மொத்த ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிணற்று மோட்டார், செக்கு மோட்டார் இவற்றுக்கு யு.பி.எஸ். பேச்சே வேண்டாம். 5 எச்.பி. என்றால் 3,700 வாட்டுக்கு மேல். ஒரு முனை போனால் நிறுத்துகிற சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டரும், சரியாக வைத்த ஓவர்லோடு ரிலேவும்தான் அதற்குக் காப்பு. இன்னொன்று, பம்புசெட்டுக்குத் தந்த விவசாய இணைப்பு பம்புசெட்டுக்குத்தான். இன்குபேட்டரையும் ஃப்ரீசரையும் அதில் இருந்து இழுக்காதீர்கள். பிடிபட்டால் வருகிற அபராதத்துக்கு இங்கே சொன்ன எல்லாப் பெட்டிகளையும் வாங்கிவிடலாம்.

அப்படியானால் ஆன்லைன் யாருக்கு? உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தி, அங்கே மண், பால் சோதிக்கிற நுட்பமான கருவிகளும், எல்லாக் கணக்கும் ஏறிய சர்வரும் வைத்திருந்தால் வாங்கலாம். நாளில் பாதி நேரம் ஜெனரேட்டரில் ஓடுகிற இடங்களுக்கும் அது உதவும். பழைய ஜெனரேட்டரில் வேகம் ஏறி இறங்கும்போது கரண்டின் சுற்றும் 50-ல் நிற்காமல் ஆடும். லைன் இன்டராக்டிவ் பெட்டிக்கு அது பிடிக்காமல் பேட்டரிக்குப் போய்ப் போய் வரும். ஆன்லைன் அதை உள்வாங்கிக்கொண்டு சீராகத் தரும். தனி உழவர் வீட்டில் ஆன்லைன் தேவைப்படுகிற கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

யு.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு எர்த்துக்குத்தான் என்பேன். இடி விழும்போது லைனில் ஓடி வருகிற அதிர்ச்சியை மண்ணுக்குள் இறக்க ஒரு வழி வேண்டும். மெயின் போர்டில் மாட்டுகிற சர்ஜ் புரொடெக்டர், அதாவது எஸ்.பி.டி., அந்த வழிக்குக் கதவு மாதிரி. கதவு இருந்து வழி இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? யு.பி.எஸ்.ஸுக்கு உள்ளே இருக்கிற சின்ன சர்ஜ் பாதுகாப்பும் எர்த்தை நம்பித்தான். பல தோட்டத்து வீடுகளில் மூன்று முனை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது.

எர்த் குழி வீட்டுக்கு அருகில், ஈரம் நிற்கிற இடத்தில் வேண்டும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போடுவது பழைய முறை. உப்பு என்றதும் நம் இயற்கை வழிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தென்னைக்குப் போடுவதில்லையா, அந்த அளவுதான். பிடிக்காதவர்கள் பென்டோனைட் களிமண் போடலாம். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த்தும் செத்துவிடும். வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எலெக்ட்ரீசியன் வரும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஏதோ சரியில்லை.

இடியைவிட அடிக்கடி நடப்பது நியூட்ரல் அறுவது. காற்றில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் போனால், இரண்டு முனைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, சில வீட்டுக்கு 100 வோல்ட்டும் சில வீட்டுக்கு 350, 400 வோல்ட்டும் போகும். ஒரு தெருவில் ஒரே ராத்திரியில் டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் போனது என்று கேள்விப்படுகிறோமே, பெரும்பாலும் அது இதுதான். இந்த அடியை லைன் இன்டராக்டிவும் தாங்காது, தானும் வெந்துபோகும். மெயின் சுவிட்சுக்கு அடுத்து ஹை-லோ வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்று மாட்டிவிட்டால், அளவு மீறினதும் வீட்டையே துண்டித்துவிடும். சரியானதும் சில நிமிடம் பொறுத்துத் தானே சேர்க்கும். இருக்கிற காப்புகளில் விலை குறைவு இதற்குத்தான், வேலை அதிகம் செய்வதும் இதுதான். எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஸ்பைக் கார்டு என்று பெயர் வைத்து விற்பதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

பேட்டரி நம் மண்ணுக்கு வெளியே

பேட்டரிக்கு 25 டிகிரி பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு, ரெண்டே வருஷத்தில் போச்சு என்று கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. ஓட்டு வீட்டுத் திண்ணை, வேப்ப மர நிழல் படுகிற அறை என்று காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பூட்டின அலமாரியில் வைக்கக்கூடாது, பக்கத்தில் விளக்கு ஏற்றக்கூடாது. டியூபுலருக்கு ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரும் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, ஆசிட் ஊற்றவே கூடாது. லித்தியம் பேட்டரி எடை குறைவு, ஆழமாக உறிஞ்சினாலும் தாங்கும், விலை கூடுதல். ஆனால் அதற்கென்று சார்ஜ் செய்கிற இன்வெர்ட்டரில்தான் போட வேண்டும். பழைய இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். முட்டை வைப்பதற்கு முன், இன்குபேட்டரின் வாட்டுக்குச் சமமான குண்டு பல்புகளை மாட்டி, மெயினை அணைத்து, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே பல்பு, இதே சோதனை. முதல் நாள் நேரத்தில் பாதிக்கு வந்துவிட்டால் அடுத்த அடை வைப்பதற்குள் பேட்டரியை மாற்றுங்கள்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிறேன் என்று வருகிற பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஆசிட்டை உங்கள் வரப்பிலேயே கவிழ்த்துவிட்டுப் போவார். ஈயம் மக்காது, எந்தப் பஞ்சகவ்யமும் அதை எடுக்காது. அந்த இடத்தில் கீரை போட்டால் கீரைக்குள் வரும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகையை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.